அட்டைப்படத்தில் எர்த் ராடைக் காணோம்

மதிப்பிற்குரிய மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,



நான் நம் மின் நிறுவனத்தில் முப்பத்து மூன்று வருடம் கம்பம் ஏறி, போர்மேனாக ஓய்வு பெற்றவன். நிறுவனத்தின் பெயரையோ என் ஊர்ப் பெயரையோ இந்த மடலில் எழுதப்போவதில்லை. இன்னும் உள்ளே வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு என்னால் மெமோ வரக்கூடாது. யாருக்கு எழுதுகிறேன் என்பது படிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

போன மாதம் பென்ஷன் நிலுவை விஷயமாக வட்ட அலுவலகம் போனேன். நிலுவை வரவில்லை, உங்கள் ஆண்டறிக்கை கிடைத்தது. "எடுத்துட்டுப் போங்க சார், கட்டுக் கட்டாக் கிடக்கு" என்று எழுத்தர் தம்பி ஒன்றைக் கையில் திணித்தார். வழவழப்பான தாள், நல்ல அச்சு. செயல்பாடு, சிக்கனம், பணியாளர் பயிற்சி என்று மூன்று பகுதி. விளக்கப்படங்களில் ஏற வேண்டிய பட்டைகள் எல்லாம் பச்சையில் ஏறுகின்றன. இறங்க வேண்டியவை எல்லாம் சிவப்பில் இறங்குகின்றன. பஸ்ஸில் உட்கார்ந்து அட்டை முதல் அட்டை வரை படித்தேன். ரிடையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை.

அந்த அட்டையிலிருந்தே தொடங்குகிறேன். பதினோராயிரம் வோல்ட் கம்பம். மேலே ஒரு தம்பி. மஞ்சள் ஹெல்மெட், மடிப்புக் கலையாத சட்டை, புது பெல்ட், முழங்கை வரை ரப்பர் கையுறை. பின்னால் துடைத்துவிட்ட மாதிரி நீல வானம். படம் எடுத்தவர் வானத்தைப் பார்த்திருப்பார். என் கண் கம்பிக்குத்தான் போனது. கம்பத்துக்கு இந்தப் பக்கம் எர்த் ராட் இல்லை. அந்தப் பக்கமும் இல்லை. கீழே சுருட்டிக்கூட வைக்கவில்லை.

இந்த மடலை வெளியாட்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பதினோராயிரம் லைனில் கை வைக்கும் முன் சப்ஸ்டேஷனில் எல்.சி. வாங்க வேண்டும், லைன் கிளியர். ஆபரேட்டர் பிரேக்கரை ட்ரிப் செய்து, நம்பரும் நேரமும் சொல்லுவார். நாம் திருப்பிச் சொல்லுவோம். இரண்டு பக்கமும் நோட்டில் ஏறும். இங்கே லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டுப் போட வேண்டும். வேலை இதோடு முடிந்தது என்று நினைக்கிறவன்தான் சாகிறான். லைன் செத்துவிட்டதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்து, வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் மூன்று கம்பிக்கும் எர்த் ராட் மாட்டி, அதன் வாலைத் தரையில் அடித்த முளையோடு சேர்க்க வேண்டும். மாட்டும்போது முதலில் தரை, அப்புறம் கம்பி. கழற்றும்போது முதலில் கம்பி, அப்புறம் தரை. என்னை வளர்த்த லைன் இன்ஸ்பெக்டர் இதை டீக்கடையில் வைத்துத் திடீரென்று கேட்பார். மாற்றிச் சொன்னால் அன்றைக்கு எல்லோருடைய டீயும் என் கணக்கில்.

சப்ஸ்டேஷனில்தான் நிறுத்தியாகிவிட்டதே, எர்த் எதற்கு? ஊரில் கல்யாண மண்டபம் இருக்கிறதே, அதற்கு. கரண்ட் போனதும் ஜெனரேட்டர் போடுவார்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் யாரோ ஒருவர் நேராகக் கோத்துவிட்டுப் போயிருப்பார். அந்த 230 வோல்ட் தெரு லைனில் திரும்பி ஓடி டிரான்ஸ்பார்மருக்குள் நுழையும். டிரான்ஸ்பார்மருக்கு இறக்கவும் தெரியும், ஏற்றவும் தெரியும். மேலே அது பல ஆயிரம் வோல்ட்டாக வந்து நிற்கும். நோட்டில் எல்.சி. நம்பர் சரியாக இருக்கும், நேரம் சரியாக இருக்கும், கம்பத்தில் இருப்பவன் மட்டும் இருக்கமாட்டான். எர்த் ராட் மாட்டியிருந்தால் வந்த கரண்ட் தரைக்குப் போய், மண்டபத்தில் ஜெனரேட்டர்தான் மூச்சுத் திணறி நிற்கும்.

படத்துக்காகத்தானே ஏறினார், வேலை எதுவும் நடக்கவில்லை என்பீர்கள். இருக்கட்டும். ஆனால் அந்தப் படம் எத்தனை மேசையைத் தாண்டி அச்சுக்குப் போயிருக்கும்! எத்தனை பேர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்! அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட "ராட் எங்கேப்பா?" என்று கேட்கத் தோன்றவில்லை. பாதுகாப்பை மையமாக வைத்துப் போட்ட அட்டை இது என்று உள்ளே ஒரு வரி வேறு.

சரி, செயல்பாட்டுக்கு வருகிறேன். ஒரு நுகர்வோருக்கு வருடத்தில் சராசரியாக எத்தனை நிமிடம் மின்தடை என்பதற்கு சைடி என்று ஒரு குறியீடு. எத்தனை முறை என்பதற்கு சைஃபி. இரண்டும் நன்றாகக் குறைந்திருக்கின்றன, சந்தோஷம். இந்த நிமிடங்களை எங்கே நின்று எண்ணுகிறீர்கள் என்பது மட்டும் அறிக்கையில் இல்லை. எண்ணுவது சப்ஸ்டேஷனில், அங்கிருந்து கிளம்பும் பதினோராயிரம் லைனில், அதாவது பீடரில். பீடர் ட்ரிப் ஆனால் நிமிடம் ஏறும். பீடருக்குக் கீழே என்ன நடந்தாலும் ஏறாது.

போன ஆடிக் காற்றில் எங்கள் தெருவில் தென்னை மட்டை விழுந்து ஒரு ஃபேஸ் அறுந்தது. இரவு ஒரு மணிக்குப் போனது, மறுநாள் நண்பகலுக்கு வந்தது. பதினோரு மணி நேரம். எதிர்வீட்டில் பிறந்து பதினெட்டு நாள் ஆன குழந்தை. விடியும் வரை அதன் பாட்டி பனை விசிறியை மாற்றி மாற்றி வீசிக்கொண்டிருந்தார். சப்ஸ்டேஷன் லாக் புக்கை எடுத்துப் பாருங்கள்: அன்று முழுக்க எங்கள் பீடர் நார்மல். டிரான்ஸ்பார்மர் ஃபியூஸ் போனாலும் நார்மல்தான். நியூட்ரல் அறுந்து தெருவில் நாலு டி.வி. கருகினாலும் நார்மல்தான். ஸ்மார்ட் மீட்டர் வந்தால், வீட்டுக்குக் கரண்ட் போகும் நொடியில் அது கடைசியாக ஒரு தகவல் அனுப்பிவிட்டுத்தான் அணையும் என்கிறார்கள். வரட்டும். அந்தக் கணக்கில் சைடி போட்டால் உங்கள் சிவப்புப் பட்டை எங்கே போய் நிற்கும் என்று பார்க்க எனக்கு ஆசை.

சிக்கனப் பகுதியை நீட்ட விரும்பவில்லை. தொழில்நுட்ப, வணிக இழப்பு குறைந்தது என்கிறீர்கள். நாடு முழுவதுமே அப்படித்தான்: 2020-21-இல் 22 சதவீத அளவில் இருந்தது, 2022-23-இல் 15 சதவீத அளவுக்கு வந்தது. அரசுகள் மானிய பாக்கியை ஒழுங்காகக் கட்டத் தொடங்கியதற்கும் அதில் பங்கு உண்டு. கம்பியில் சூடாகிப் போகிற யூனிட்டுக்கும் பஞ்சாயத்து கட்டாமல் விட்ட பில்லுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறீர்கள். பணம் வந்ததும் கம்பி குளிர்ந்துவிட்ட மாதிரி தெரிகிறது. கம்பி குளிரவில்லை. ஓடுகிற கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. கம்பியோடு கம்பியைச் சேர்க்கும் லூஸ் ஜம்பர் ஒவ்வொன்றும் இரவில் சிவப்பாக முறைத்துக்கொண்டு நிற்கிறது. நட்சத்திரக் குறியீடு போட்ட டிரான்ஸ்பார்மர்களை வாங்கி வைத்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பகுதியில் வந்த ஒன்றின் பாக்ஸ் கதவு கயிற்றில் கட்டியிருந்தது. ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியக் கம்பியின் மூன்று இழையை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். பிரிவு ஸ்டோரில் ஃபியூஸ் கம்பி வந்து எத்தனை மாதம் ஆயிற்றோ. அந்த முறுக்கு எந்த ஓவர்லோடுக்கும் உருகாது, உருகப்போவது டிரான்ஸ்பார்மர்தான்.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன்.

41-ஆம் பக்கத்தில் பயிற்சிக் கணக்கு இருக்கிறது. எத்தனை பேர், எத்தனை மனித நாட்கள், போன வருடத்தைவிட எவ்வளவு கூடுதல். மின்பாதையில் வேலை செய்கிறவருக்குப் பயிற்சி கட்டாயம் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிகள் கூறின. அவற்றுக்குப் பதிலாக 2023-இல் வந்தவையும் சொல்கின்றன. நீங்களும் நடத்துகிறீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. நானும் அந்த வகுப்புகளில் உட்கார்ந்தவன்தான். ஏ.சி. ஹால், திரையில் படம், கையேடு, சாப்பாடு, குரூப் போட்டோ. சொல்லிக்கொடுத்ததில் தப்பில்லை. ஆனால் அந்த ஹாலில் ஒரு கம்பம்கூடக் கிடையாது.

இன்னொன்றும் கிடையாது: ஒப்பந்தத் தொழிலாளி. கம்பம் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான், எங்கள் பிரிவில் பாதிக்கும் மேல். ரோலில் பெயர் இல்லாததால் பயிற்சிக்கும் பெயர் வராது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து ஒரு லட்சத்துக்கு மேல் கம்பங்களைச் சாய்த்துப் போட்டதே, அப்போது வயலுக்குள் வண்டி இறங்காது. இடுப்பளவு சேற்றில் சிமெண்ட் கம்பத்தைக் கயிறு கட்டி, "ஐலசா" போட்டு இழுத்த தோள்களில் எத்தனை தோள் ரோலில் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? கேரளத்திலிருந்துகூட மின்பாதைத் தொழிலாளர்கள் உதவிக்கு வந்தார்கள்; எங்களோடு ஒரே பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்தார்கள். யார் நிரந்தரம், யார் ஒப்பந்தம் என்று எங்களுக்குச் சோறு போட்ட சனம் கேட்கவில்லை. நானும் ஒரு காலத்தில் குழி வெட்டும் ஒப்பந்தக் கூலியாகத்தான் உள்ளே வந்தேன். அன்றைக்கு வருடத்துக்கு நாலு பேரையாவது உள்ளே எடுத்தார்கள்; ஒரு மூத்தவன் கீழே ஒரு சிறியவன் என்று தொழில் கை மாறியது. எங்கள் பிரிவில் ஒன்பது பேர் இருந்தோம். நான் வெளியே வரும்போது நாலு பேர்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு புதன்கிழமை. அந்த நாலு பேரையும் கோட்ட அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பாதுகாப்பு வகுப்பு. அன்று பிரிவில் இருந்தது ஒரு ஒப்பந்தப் பையன் மட்டும். இருபத்திரண்டு வயது, ஐ.டி.ஐ. முடித்தவன், என்றைக்காவது நிரந்தரம் ஆகிவிடும் என்று நம்பி நாலு வருடமாகக் கூலிக்கு வந்துகொண்டிருந்தவன். ரேஷன் கடைத் தெருவில் பாதி வீட்டுக்குக் கரண்ட் இல்லை என்று புகார் மையத்தில் பதிவாகிறது. புகாரைத் தீர்க்க எடுக்கும் சராசரி நேரம் குறைந்தது என்று 17-ஆம் பக்கத்தில் போட்டிருக்கிறீர்களே, அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. மேலிருந்து போன்: "நீயே போய்ப் பாரு தம்பி, சின்ன வேலைதான்."

பையன் அசட்டையாகப் போகவில்லை. தெரு டிரான்ஸ்பார்மரில் மூன்று ஃபியூஸ் கேரியரையும் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏணியைச் சாத்தினான். அவனுக்குத் தெரிந்த அளவில் லைன் செத்த லைன். ஆனால் ரேஷன் கடை முக்கில் இருக்கும் அந்தக் கம்பத்தில் இரண்டு டிரான்ஸ்பார்மரின் லைன் வந்து முட்டி நிற்கிறது. ஒன்றைப் பிடுங்கினால் இன்னொன்று உயிரோடு இருக்கும். அவன் பிடித்தது அந்த இன்னொன்றை. சிறுபாலத்தின் மேல் விழுந்தான். இடுப்பு எலும்பும், இடது கையில் இரண்டு விரலும் போயின. உயிர் இருக்கிறது.

ஆஸ்பத்திரிச் சீட்டை நான் பார்த்தேன். "மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவும்போது தவறி விழுந்தார்" என்று எழுதியிருக்கிறது. அவன் வீடு ஓட்டு வீடு. அதில் ஏது மாடி, ஏது தொட்டி? அப்படிச் சொன்னால் செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று யாரோ சொன்னார்களாம், முதல் இரண்டு வாரம் பார்த்துக்கொண்டார்களாம். மின் விபத்தை உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2003 மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு சொல்கிறது; அதற்குக் காலக்கெடுவும் விதியில் உண்டு. தண்ணீர்த் தொட்டி விபத்தை யார் தெரிவிப்பார்கள்? அந்த வருட அறிக்கையையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன். விபத்துப் பட்டை குறைந்திருக்கிறது. பயிற்சிப் பட்டையில் அந்தப் புதன்கிழமையின் நாலு மனித நாட்கள் ஏறியிருக்கின்றன.

இதில் என் பங்கையும் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பொய்.

அந்தக் கம்பத்தைப் பற்றி எனக்குத் தெரியும். நான் கம்பியாளராக இருந்தபோது இரண்டாவது டிரான்ஸ்பார்மர் வைத்து லைன் பிரித்தது நாங்கள்தான். மறந்துபோகக் கூடாதென்று, மீதமிருந்த ரெட் ஆக்சைடில் ஆள் உயரத்தில் ஒரு சிவப்பு வளையம் போட்டு வைத்தேன். பிரிவில் எல்லோருக்கும் தெரியும்: வளையம் இருந்தால் இரண்டு பக்கமும் பிடுங்கு. எங்கள் எல்லைக்குள் அப்படிப் பதினொரு கம்பம். பிறகு கம்பங்களுக்கெல்லாம் நம்பர் போட்டு வரைபடத்தில் ஏற்றும் வேலை வந்தது. ஏஜென்சி ஆட்கள் வந்தார்கள், ஆள் உயரத்தில் மஞ்சள் பூசி, அதன் மேல் கறுப்பில் நம்பர் எழுதினார்கள். வளையம் மஞ்சளுக்கு அடியில் போயிற்று. கம்பங்கள் நூறு சதவீதம் வரைபடத்தில் ஏறிவிட்டன என்று அறிக்கையில் இருக்கிறது. ஏறியிருக்கும். அந்த வரைபடம் ஏணி சாத்துகிற பையன் கைக்கு வந்ததில்லை.

மறுபடி வளையம் போட்டிருக்கலாம். ஒரு டப்பா பெயிண்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ரிடையர் ஆன அன்று சால்வை போட்டீர்கள், கேடயம் கொடுத்தீர்கள், உதவிப் பொறியாளர் அம்மா என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசினார். உனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. சைக்கிளில் கேடயத்தைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பையன் இப்போது ஒரு மளிகைக் கடையில் பில் போடுகிறான். போனால் "வாங்க பெரியப்பா" என்று ஸ்டூலை இழுத்துப் போடுவான். நின்றபடி நாலு வார்த்தை பேசிவிட்டு வந்துவிடுவேன்.

அய்யா, பெங்களூரில் ஓடுகிற லைனிலேயே வேலை செய்யச் சொல்லிக்கொடுக்கும் ஹாட்லைன் பயிற்சி மையம் இருக்கிறது. அதற்கான கருவியும் உடுப்பும் பழக்கமும் இருந்தால் உயிருள்ள லைனில் வேலை செய்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போகிறான். நம்மிடம் செத்த லைனில் சாகிறான். நாட்டில் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறப்பதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்கு வைத்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டிகள் அந்தக் கணக்கில் இல்லை.

ஒவ்வொரு கோட்டத்திலும் காலி இடத்தில் ஆறு கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ஒரு பழைய டிரான்ஸ்பார்மர் வையுங்கள். ஏ.சி. ஹாலுக்கு ஆகிற வாடகையில் முடிந்துவிடும். அங்கே ஒப்பந்தப் பையன்களையும் கூப்பிடுங்கள், கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். கூலி போனால் வரமாட்டார்கள். வகுப்பு இருக்கிற நாளில் பக்கத்துப் பிரிவிலிருந்து ஆள் போடுங்கள். அது முடியாதென்றால் அன்றைக்கு மட்டும் புகார்க் கடிகாரத்தை நிறுத்தி வையுங்கள். சனம் திட்டும், திட்டட்டும். ரிடையர் ஆகப்போகிறவனைக் கடைசி மூன்று மாதம் லைனில் நடக்க விட்டு, கூட ஒரு சிறியவனை நோட்டோடு அனுப்புங்கள். அடுத்த அறிக்கையில் பயிற்சிப் பக்கத்தில், அந்த வருடம் கம்பம் ஏறியவர்கள் எல்லோரையும், யார் ரோலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண்ணி, அதில் எத்தனை பேருக்குப் பயிற்சி என்று போடுங்கள். பட்டை குட்டையாகத்தான் வரும். அச்சடியுங்கள்.

உங்கள் அறிக்கையைப் பென்சிலில் திருத்தி, கூடச் சில தாள்களும் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ரேஷன் கடை முக்குக் கம்பத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நானே போய் மறுபடி வளையம் போட்டேன். அனுமதி வாங்கவில்லை. நம்பரை அழிக்கவில்லை, அதற்கு ஒரு சாண் மேலே போட்டிருக்கிறேன். மீதி பத்துக் கம்பத்துக்கும் பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறேன். முழங்கால் ஒத்துழைத்தால் பொங்கலுக்குள் முடிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போர்மேன் ஒருவன்

இணைப்பு: ஆண்டறிக்கை ஒன்று, அட்டையிலும் 17, 41-ஆம் பக்கங்களிலும் பென்சில் குறிப்புகளுடன். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல், பெயர் மறைத்து. இரண்டு பக்கமும் பிடுங்க வேண்டிய பதினொரு கம்பங்களுக்கும் கையால் வரைந்த லைன் படம், நாலு தாள்.